அம்பத்தூர்த் தொட்டியில் கடல் வேட்டைமீன்கள்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களுக்கு வண்ணமீன் வளர்ப்பு புதிதன்று. நாட்டின் முதன்மையான வண்ணமீன் சந்தைகளுள் ஒன்றான கொளத்தூர் பக்கத்திலேயே இருப்பதாலும், அங்கிருந்து பரவிய மீன் பெருக்கும் தொழில் திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்களில் வீட்டுத் தொழிலாக நடப்பதாலும், கோல்டு ஃபிஷ்ஷும் கப்பியும் நீந்தும் நன்னீர்த் தொட்டி இப்பகுதி வீடுகளுக்குப் பழகிய பொருளாகிவிட்டது. கடல்மீன் தொட்டிகள் அவற்றை நோக்கக் குறைவு. அவற்றுள்ளும் பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய கடல்மீன்களுக்கான தொட்டிகள் மிகக் குறைவு. மீனவர்கள் களவா என்று அழைக்கும் குரூப்பர் வகைகள், பாம்பைப் போல நீண்டு பாறையிடுக்கில் பதுங்கும் அஞ்சாலை, நண்டின் ஓட்டையும் நொறுக்கும் பல்லுடைய கிளாத்தி, விசிறித் துடுப்புகளுக்கு மேலே நச்சு முட்களைத் தாங்கிய லயன்ஃபிஷ், கடலடியில் கிடக்கும் சிறிய மூங்கில் சுறா ஆகியவை இந்தக் கூட்டத்தில் அடங்கும். இவற்றின் நலம் பற்றிய பேச்சு வழக்கமாக மருந்தில் தொடங்கி மருந்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இவை வீட்டுத் தொட்டியில் நலிவதற்கு அன்பு மிகுதியால் போடப்படும் இரையும், அந்த இரை கழிவாக மாறித் தேங்கும் நீருமே நோய்க்கிருமியைவிடப் பெரிய காரணங்கள்.

வாங்கும்போதே நேரும் பிழை ஒன்று உண்டு. வெண்ணிற உடலில் கரும்புள்ளிகளோடு ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் விற்கப்படும் பாந்தர் குரூப்பர் என்னும் களவாக் குஞ்சு, பார்ப்பவரை மயக்கும் அழகுடையது. அதுவே வளர்ந்தால் 70 சென்டிமீட்டர் வரை நீளும் என்பது விற்பனைப் பேச்சில் இடம்பெறுவதில்லை. மூங்கில் சுறாக்களுள் சில ஒரு மீட்டரை எட்டும். இரண்டரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய ராட்சதக் களவா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது என்பதால் அதைக் குஞ்சாகப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். தொட்டியை அழகுபடுத்தக் கடலிலிருந்து பெயர்த்துவரும் கற்பவளங்களும் அதே சட்டத்தின் காப்பில் இருப்பவை. அவை உயிரோடு இருந்தாலும் வெறும் கூடாக இருந்தாலும் சட்டம் ஒன்றே.

எட்டடி நீளமும், இரண்டரை அடி அகலமும், அதே உயரமும் கொண்ட தொட்டியே இத்தகைய மீன்கள் ஓரிரண்டுக்குத் தொடக்க அளவு என்று கொள்ளலாம். அதில் ஏறக்குறைய 1400 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடி, தாங்கி, பாறை ஆகியவற்றைச் சேர்க்காமல் நீரின் எடை மட்டுமே 1400 கிலோவைத் தாண்டும். குடியிருப்புக் கட்டடங்களின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமையைத் தாங்கும் கணக்கில் வடிவமைக்கப்படுகிறது; இந்தத் தொட்டியோ சதுர மீட்டருக்கு 750 கிலோவுக்கும் மேல் அழுத்துகிறது. ஆகவே அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இருப்பவர் மீன் கடைக்குப் போவதற்கு முன் கட்டடப் பொறியாளரைப் பார்ப்பது நல்லது.

இனி நீரின் கணக்கு. மீன் உண்ணும் புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். அதில் ஒரு பகுதியே உடலாக வளர்கிறது, மீதி பெரும்பாலும் செவுள்களின் வழியே அமோனியாவாக நீரில் கலக்கிறது. 100 கிராம் மீன் தசையை இரையாக இட்டால் அதிலிருக்கும் ஏறத்தாழ 3 கிராம் நைட்ரஜனில் 2 கிராம் அளவு நீருக்குத் திரும்பிவிடும். அமோனியா கொடிய நஞ்சு. அதிலும் கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நடுநிலையான நன்னீரைக் காட்டிலும் அதன் நச்சு வடிவம் பத்து மடங்கு அளவுக்கு மிகுந்திருக்கும். பாறையிலும் வடிகட்டியிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் இந்த அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆவதால், அதுவரை தொட்டியில் மீன் விடலாகாது.

நைட்ரேட்டின் நஞ்சு மிகக் குறைவே, எனினும் அது தானாக நீங்குவதில்லை. மேற்கூறிய தொட்டியில் 100 கிராம் இரை நைட்ரேட்டை லிட்டருக்கு 6 மில்லிகிராம் உயர்த்தும். வாரம் மூன்று முறை அவ்வாறு இரையிட்டால் உயர்வு ஏறக்குறைய 19 மில்லிகிராம். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது போதும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் அவ்வாறு மாற்றும்போது தேங்கியதில் ஐந்தில் ஒன்றே வெளியேறுவதால், லிட்டருக்கு 95 மில்லிகிராமை எட்டிய பிறகுதான் வரவும் செலவும் சமமாகும். நைட்ரேட் மிகுந்து அயோடின் குறைந்த நீரில் வளரும் சுறாக்களுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கிக் கழலை உண்டாவது மீன் காட்சியகங்களில் நெடுநாளாக அறியப்பட்ட குறை. எனவே கழிவு அமோனியாவாக மாறும் முன்பே அதை நீக்கும் கருவி தேவைப்படுகிறது. நுண்ணிய காற்றுக் குமிழிகளில் புரதக் கழிவை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் அத்தகையது. உப்பு நீரில் குமிழிகள் சிறிதாக நிலைத்து நிற்பதால் அது கடல் தொட்டிக்கே பொருந்துகிறது. வேட்டைமீன் தொட்டிக்கு இதைத் தேவைக்கு மேற்பட்ட அளவில் வாங்குவது வீண் செலவன்று.

மாற்றவேண்டிய நீர் எங்கிருந்து வரும் என்பது கடலிலிருந்து 15 முதல் 25 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர்களுக்குக் கடினமான கேள்வி. 1909-இல் திறக்கப்பட்டு 1942-இல் போர்க்காலத்தில் மூடப்பட்ட சென்னையின் பழைய மீன் காட்சியகம் மெரினா கடற்கரையிலேயே அமைந்தது. 2019-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கப்பட்ட தனியார் காட்சியகமும் கடலோரத்தில்தான் இருக்கிறது. ஆவடிக்காரருக்கு அந்த வசதி இல்லை. கேன்களில் கடல்நீர் கொண்டுவருவோர் உண்டு. ஆயினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்புத்தன்மை சரிந்துவிடும், எண்ணூர்ப் பக்கமோ 2017 சனவரியில் கப்பல்கள் மோதியதாலும் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணெய் கலந்து பாழான கரை. கல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று கேட்பவர்கள், உப்பளத்தில் நடப்பதை அறிந்தால் விடை பெறுவர்: நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, மக்னீசியம் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு வடிக்கப்படுகிறது, இடையில் வாரப்படுவது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு. ஆகவே எல்லாத் தனிமங்களும் உரிய விகிதத்தில் கலந்த செயற்கைக் கடலுப்பையே வாங்கவேண்டும். 1400 லிட்டருக்கு முதல் முறை 50 கிலோ அளவும், ஒவ்வொரு 280 லிட்டர் மாற்றத்துக்கும் 10 கிலோவும் தேவைப்படும். ஆழ்குழாய் நீரின் கடினத்தன்மையும் குழாய்நீரின் குளோரினும் உப்பின் கணக்கைக் குலைப்பதால், ஆர்.ஓ. நீரில் கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பளவைப் பார்த்துச் சேர்ப்பதே முறை.

இரையில்தான் மிகப் பெரிய தவறு நிகழ்கிறது. கொளத்தூரில் சிறிய கோல்டு ஃபிஷ் மலிவாகக் கிடைப்பதால், அதை உயிருடன் லயன்ஃபிஷ்ஷுக்குப் போட்டு வேட்டையைக் காண்பது பலருக்குப் பொழுதுபோக்கு. கோல்டு ஃபிஷ்ஷிலும் அதன் உறவான கெண்டைகளிலும், உயிர்ச்சத்து பி1 என்னும் தயமினைச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. மாதக்கணக்கில் அதையே தின்னும் மீன் நரம்புத் தளர்ச்சியுற்று, இரையைக் குறிவைக்கத் தடுமாறி, கடைசியில் உண்ணாமல் கிடக்கும். மேலும் கடல் ஊனுண்ணிகளுக்கு இன்றியமையாத நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்புகளை அவற்றின் உடல் தானே போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது; நன்னீர் மீனில் அவை குறைவு. இரைக்காக வாங்கும் மீனோடு ஒட்டுண்ணி வராவிட்டாலும் ஊட்டக்குறை வருவது உறுதி. நெத்திலியிலும் சாளை வகைகள் சிலவற்றிலும் தயமினேஸ் உண்டு, உறைய வைத்தாலும் அது அழியாது என்பதால், மீன் சந்தையிலிருந்து கொண்டுவருவதும் ஒரே வகையாக இருக்கலாகாது. இறால், கணவாய், நண்டு, மட்டி, வெள்ளைத் தசை மீன் ஆகியவற்றை மாற்றி மாற்றி, வாரம் ஒருமுறை உயிர்ச்சத்துக் கரைசலில் ஊறவைத்து இடுவது நல்ல வழக்கம். கிளாத்திக்கு ஓட்டோடு கொடுத்தால் ஓயாது வளரும் அதன் பற்கள் தேய்ந்து சீராக நிற்கும். வளர்ந்த களவாவுக்கும் லயன்ஃபிஷ்ஷுக்கும் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை உணவே போதும். கண்ணாடியருகே வந்து வாயைத் திறக்கும் மீனுக்கு மறுக்க மனம் வராதுதான். ஆயினும் அந்த இரக்கம் ஈரலில் கொழுப்பாகச் சேர்ந்து அதன் ஆயுளைக் குறைக்கிறது.

வெப்பமும் மின்வெட்டும் இப்புறநகர்களுக்கே உரிய இடர்கள். நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: உப்பு நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் அளவு கரையும், 30 டிகிரியில் அது 6.2-ஆகச் சரியும், அதே சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது, பெரிய இரையைச் செரிக்கும் மணிநேரங்களில் இன்னும் கூடுகிறது. மே மாதத்தில் சில்லர் என்னும் குளிர்விப்பான் இன்றி இத்தொட்டி தாக்குப்பிடிப்பது அரிது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலுக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டிய மழைக்குப் பிறகும் பல தெருக்களில் மின்சாரம் நாள்கணக்கில் திரும்பவில்லை. அத்தகைய நாளில் இன்வெர்ட்டர் சில்லரை இயக்காது, காற்றுப் பம்பை இயக்கும். அதுவே உயிர் காப்பது. மூடிய வடிகட்டியில் நீரோட்டம் நின்றால் உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இன்றி மடிந்து அழுகிவிடும், மின்சாரம் வந்ததும் அந்த நீரை அப்படியே தொட்டிக்குள் செலுத்தினால் பிழைத்த மீனும் சாகும். மின்சாரம் இல்லாத நாளில் இரையே இடக்கூடாது. ஒரு வாரப் பட்டினி வளர்ந்த களவாவை ஒன்றும் செய்யாது.

நோய்களுள் வெண்புள்ளி நோயே முதன்மை. கிரிப்டோகாரியன் என்னும் ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் தங்கி, பின்னர் உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடுகட்டிப் பெருகித் திரும்பவும் மீனைப் பற்றுகிறது. புதிய மீனை வேறொரு தொட்டியில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்கி வைப்பதே இதற்குத் தடுப்பு. செம்பு மருந்து பயன் தருவது, எனினும் சுறா, திருக்கை, அஞ்சாலை ஆகியவற்றுக்கு அது ஆகாது. கடைக்காரர் கொடுத்த புட்டியை அளவு பாராமல் ஊற்றுவதைவிட, மாதவரத்திலும் பொன்னேரியிலும் வளாகங்கள் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தாரிடம் கேட்பது மேல். லயன்ஃபிஷ்ஷின் முள் குத்தினால், தோல் பொறுக்கும் அளவு, ஏறத்தாழ 45 டிகிரிச் சூடுள்ள நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மருத்துவரை நாடவேண்டும்.

வளர்ந்து அடங்காத மீனைக் கடலில் விடலாம் என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். 1985-இல் ஃபுளோரிடாக் கரையில் முதன்முதலாகப் பதிவான லயன்ஃபிஷ், வளர்ப்போர் கைவிட்டவற்றிலிருந்து பரவியதாகக் கருதப்படுகிறது. இன்று கரீபியக் கடல் முழுவதும் சிறுமீன்களை அழித்துவருகிறது. நம் கடல் அதற்குத் தாய்வீடுதான் என்றாலும், தொட்டியில் தொற்றிய ஒட்டுண்ணிகளுக்கு அவ்வாறு சொல்ல முடியாது.

வேட்டைமீனே வேண்டும் என்பவருக்குக் கொடுவா ஒரு தக்க தேர்வு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் அதைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்வித்தது. அதன்பின் பொரிப்பகக் குஞ்சுகள் கிடைப்பதால், கடலிலிருந்து பிடிக்கவேண்டியதில்லை, உயிருள்ள இரையும் வேண்டியதில்லை, குருணைத் தீனிக்கு முதலிலிருந்தே பழகியிருக்கும், உப்பு குறைந்த நீரையும் தாங்கும் என்பதால் உப்புச் செலவும் பாதியாகும். ஓராண்டில் ஒரு கிலோவைத் தொட்டுத் தொட்டியை மிஞ்சிவிடும் என்பது அதன் குறை. ஆனால் செம்பு மருந்து படாத கொடுவாவுக்குச் சமையலறையில் எப்போதும் இடமுண்டு, இந்த ஆறுதல் லயன்ஃபிஷ் வளர்ப்பவருக்கு எளிதில் கிடைக்காது.