மல்டிமீட்டரைக் கையில் கொடுங்கள்

பிறையிலுள்ள எங்கள் தொழிற்சாலைக்கு மின் டெக்னீஷியன் எடுக்கும்போதெல்லாம் கேள்வி கேட்பவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகள் ஒரே கேள்விதான்: "ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது?" ஆங்கிலத்தில் சரளமாகச் சொன்னவருக்கு வேலை. அப்படி வந்த ஒருவர் முதல் மாதமே மின்சாரத்தைத் துண்டிக்காமல் பெட்டிக்குள் கை விட்டார். உயிர் தப்பியது அவர் அதிர்ஷ்டம். தேர்ந்தெடுத்தது நான்.

அதன் பிறகு ஒதுக்கிப் போட்டிருந்த ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைச் சரிசெய்து மேசைமேல் பொருத்தினேன். ஓவர்லோட் ரிலேயில் 95, 96 என்ற முனைகளில் ஓர் ஒயரை மட்டும், வெளியே தெரியாதபடி கழற்றி வைத்துவிடுவேன். பொத்தானை அழுத்தினால் காண்டாக்டர் இழுக்காது. மல்டிமீட்டர், சுற்றுப்படம், 30 நிமிடம். எல்லாருக்கும் அதே பழுது.

மதிப்பெண் தாள் முன்பே தயார். பாதி, பாதுகாப்புக்கு: சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டாரா? மின்சாரம் உள்ள இடத்தில் மீட்டரைச் சோதித்து, பெட்டியைச் சோதித்து, மறுபடியும் மீட்டரைச் சோதித்தாரா? மீதியில் பெரும்பகுதி தேடிய ஒழுங்குக்கு. கண்டுபிடித்ததற்குக் கொஞ்சம்தான்; ஒயரை இழுத்து இழுத்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாமே. நாங்கள் இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகே பேசிக்கொள்வோம்.

1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, வேலையைச் செய்துகாட்டச் சொல்லும் தேர்வை முன்வரிசையில் வைத்தார்கள். 2022இல் வேறு ஆய்வாளர்கள் செய்த மறுகணக்கில் அந்த எண்கள் இறங்கின; ஒரே கேள்விகள், ஒரே அளவுகோல் என்று நடத்தும் நேர்முகம் முதலிடத்துக்கு வந்தது. எனவே கேள்விகளையும் நாங்கள் விடவில்லை, எழுதி வைத்துக் கேட்கிறோம். (நிஜமாகவே பழுதான எந்திரத்தைத் 'தேர்வு' என்று சரிசெய்ய வைப்பவர்களும் உண்டு. அது கூலி கொடுக்காமல் வாங்கும் வேலை.)

சென்ற முறை எஸ்கேஎம் மூன்றாம் நிலை முடித்த ஒரு தம்பி வந்தார். என் ஆங்கிலத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"தமிழ்ல சொல்லலாமா அண்ணே?"

"மலாய்ல சொல்லுங்க, இவருக்கும் புரியணும்."

பூட்டுப் போட்டார். மீட்டரைச் சோதித்தார். பார்த்த ஒவ்வொரு முனையையும் படத்தில் பென்சிலால் குறித்தார். நேரம் முடிந்தது, பழுது அகப்படவில்லை. "இன்னும் மூணு பாயிண்ட்தான் பாக்கி அண்ணே, அதுல ஒண்ணுலதான் இருக்கு." இருந்தது.

அவருக்கு முன் வந்தவர் ஒன்பது நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தார், பூட்டைத் தொடாமலேயே. மேலாளருக்கு அவரைத்தான் பிடித்தது. இரண்டு மதிப்பெண் தாள்களையும் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அரை மணி நேரம் வாக்குவாதம்.

தம்பி முதல் நாள் வேலைக்கு வந்தபோது, தன் பெயர் எழுதிய சொந்தப் பூட்டையும் கொண்டு வந்திருந்தார்.