பழைய வீட்டு மின்கம்பிகள்

முன்னோர் கட்டிய வீட்டைப் பேணுவது நம் மக்களிடையே நற்பண்பாகப் போற்றப்படுகின்றது. மாரி தொடங்குமுன் உடைந்த ஓட்டை மாற்றுவர். சுவருக்கு வெள்ளை பூசுவர். கறையான் அரித்த மரத்தை அகற்றிப் புதியது இடுவர். ஆயின், அதே வீட்டின் கூரைக்குள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கிடக்கும் மின்கம்பியைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ஆளியை அழுத்தினால் விளக்கு எரிகின்றது. ஆகவே கம்பி நலமாக இருக்கின்றது என்பதே பொதுவான எண்ணம். விளக்கு எரிவது கம்பியில் மின் ஓடுகின்றது என்பதற்கு மட்டுமே சான்று. அக்கம்பியின் உறை கெடாதிருக்கின்றது என்பதற்கு அது சான்றாகாது.

லக்சபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் மின்னிணைப்புப் பெற்ற சாதாரண வீடொன்றின் தேவை மிகச் சிறிது. அறைக்கொரு விளக்கு, விறாந்தையில் ஒன்று, கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி. வசதியுள்ளவராயின் ஒரு மின்விசிறி. அந்த அளவுக்கே கம்பிகள் இடப்பட்டன. இன்று அதே வீட்டில் கேத்தில், மின்னழுத்தி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், நீர்ப்பம்பி எனப் பல வந்து சேர்ந்துவிட்டன. சுமை பன்மடங்காயிற்று, சுமக்கும் கம்பியோ பழையதாகவே இருக்கின்றது.

அக்காலக் கம்பிகள் பலவற்றில் செம்பைச் சுற்றி இறப்பர் உறையும், அதன்மேல் பருத்தி நூற்பின்னலும் இருந்தன. மரச் சட்டங்களுக்குள் அவற்றைப் பதித்து மூடிவிடுவர். இறப்பர் என்றும் இளமையாக இருப்பதன்று. வெப்பமும் காற்றும் பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல, அது வறண்டு இறுகுகின்றது. பின்னர் வெடித்து, தொட்டாலே உதிர்கின்றது. ஓட்டின் கீழுள்ள வெக்கை இதனை விரைவுபடுத்தும். எஞ்சிய உறையை எலி கடிக்கும். ஒழுக்குநீர் சட்டத்துள் இறங்கும். வெறுமையான இரு கம்பிகள் உலர்ந்த மரத்தினிடையே நெருங்கிக் கிடக்குமாயின், தீப்பற்ற வேறென்ன வேண்டும்?

மின் ஓடும் கம்பி சூடேறுவது இயற்கை. 1840களின் தொடக்கத்தில் ஆங்கில அறிஞர் யேம்ஸ் பிரெஸ்கொட் யூல் இதனை அளந்து ஒரு விதியை வகுத்தார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஓட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும். நம் வீடுகளுக்கு வரும் மின் 230 வோல்ற்று. ஆகவே, 5 அம்பியர் அளவுள்ள பழைய குதையொன்று ஏறத்தாழ 1150 வாற்று வரையே தாங்கும். 2000 வாற்றுக் கேத்திலோ 9 அம்பியருக்குச் சற்றே குறைந்த ஓட்டத்தைக் கேட்கும். இடைச்செருகி ஒன்றை மாட்டிக் கேத்திலைப் பொருத்திவிடலாம். சுவருக்குள் இருக்கும் கம்பியின் பருமனை அச்செருகி மாற்றிவிடாது.

இவ்வாறான மிகைச்சுமையைத் தடுக்கவே, பியூஸ் என்று வழங்கும் உருகி அமைக்கப்பட்டது. வீட்டு மின்சுற்றில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட நலிந்த இடம் அதுவே. ஓட்டம் அளவை மீறினால், சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறித் தீயாகுமுன் உருகி தான் அறுந்து வீட்டைக் காக்கின்றது. எனவே அடிக்கடி உருகி அறுவது தொல்லையன்று, எச்சரிக்கை.

ஆனால் நடப்பது என்ன? இரவுச் சமையல் வேளையில் விளக்கு அணைகின்றது. வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் கைக்கு அகப்பட்ட தடித்த செப்புக்கம்பியை உருகியில் சுற்றிவிடுகின்றார். விளக்கு எரிகின்றது, எல்லாரும் மகிழ்கின்றனர். 5 அம்பியர் உருகிக்குரிய செப்பிழையின் விட்டம் 0.2 மில்லிமீற்றர், 15 அம்பியருக்குரியது 0.5 மில்லிமீற்றர். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, பழைய கம்பியில் ஒன்பது மடங்கு வெப்பம் எழுவதற்கு வாயிலைத் திறந்துவிடுகின்றது. இனி அறுவதற்கு உருகி இல்லை. எரிவதற்குக் கம்பி இருக்கின்றது. அத்தீ சீலிங் பலகைக்கு மேலே, யார் கண்ணுக்கும் தெரியாமல் மூளும். கீழே பாட்டியும் பேரப்பிள்ளையும் உறங்கிக்கொண்டிருப்பர்.

‘ட்ரிப் சுவிச்சு’ பூட்டியாயிற்று, இனி அச்சமில்லை என்பாரும் உளர். வீடுகளில் பொருத்தப்படும் அக்கருவி, பெரும்பாலும் 30 மில்லியம்பியர் அளவு மின் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிப்பது. மின்தாக்கத்தினின்று உயிரைக் காப்பதில் அதற்கு நிகரில்லை. எனினும் கசிவை உணரும் அக்கருவி மிகைச்சுமையை உணராது. மிகைச்சுமைக்கு உரிய உருகியோ, தானே விழும் சுற்றுடைப்பானோ தனியே வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் புவிக்கம்பியும் இல்லை. அதனையும் சேர்த்தல் அவசியம்.

நோய்க்கு முன்னர் குறி தோன்றுவதுபோல, கம்பியின் கேட்டுக்கும் குறிகள் உண்டு. ஆளியோ குதையோ தொட்டால் சுடுதல், அதனைச் சுற்றிச் சுவர் கருகுதல், இறப்பர் எரியும் மணம், இரையும் ஒலி, கேத்திலைப் போட்டவுடன் விளக்கு மங்குதல் ஆகியன அவை. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பிரதான ஆளியை நிறுத்தி, தகுதிபெற்ற மின்னியலாளரை அழைக்க வேண்டும். அவர் கம்பியுறையின் தடையைக் கருவிகொண்டு அளந்து அதன் நிலையைக் கூறுவார். மானிக்கு இப்பாலுள்ள கம்பிகளைப் பேணும் பொறுப்பு வீட்டுக்காரருடையதே.

தீ மூண்டுவிட்டால் நீர் ஊற்றலாகாது. மின் அந்நீர்வழியே ஊற்றுபவரைத் தாக்கக்கூடும். அணுக முடியுமாயின் பிரதான ஆளியை நிறுத்தி, அனைவரையும் வெளியேற்றி, 110 என்ற எண்ணில் தீயணைப்புச் சேவையை அழைக்க வேண்டும். பொருளை எடுக்க மீண்டும் உள்ளே செல்வது கூடாது.

பழைய கம்பியை மாற்றுவதற்குச் செலவு உண்டு என்பது உண்மையே. ஆயினும், பிள்ளையின் கலியாணத்துக்கு வீட்டுக்கு வர்ணம் பூசும் பெற்றோர், அந்தச் செலவில் ஒரு பங்கையேனும் கூரைக்குள் மறைந்து கிடக்கும் கம்பிக்கு ஒதுக்குவாராயின், அவ்வீட்டில் வாழப்போகும் தலைமுறைக்கு அதனினும் சிறந்த சீதனம் வேறில்லை.