“ஜாமீன் ஆயிருச்சு” என்றார்கள். ஜெயில் கதவு திறக்கவில்லை!

கோர்ட்டு உத்தரவுக்கும் ஜெயில் வாசலுக்கும் நடுவே ஏழைகள் படும் பாடு

புதுக்கோட்டை, கோர்ட்டு வாசல். வெயில் ஏறும் நேரம். மரத்தடியில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பழைய வீட்டு வரி ரசீது. காலையில் வல்லத்திராக்கோட்டையில் பஸ் ஏறியவர்.

பையன் ஜெயிலுக்குப் போய் 12 நாள். வரப்புத் தகராறு; வாய்ச்சண்டை அடிதடியில் முடிந்து வழக்காகிவிட்டது. நேற்று ஜாமீன் உத்தரவு வந்தது. “இனி என்ன, நாளைக்கு வந்துருவான்” என்று தெருவே சொன்னது. வீட்டில் கோழி அடித்துக் குழம்பும் வைத்தாயிற்று. பையன் வரவில்லை!

“ஜாமீன்தான் ஆயிருச்சுல்ல அய்யா, புள்ளையை எப்ப விடுவாக?”

வக்கீல் குமாஸ்தா நிதானமாகச் சொல்கிறார்: “உத்தரவுதான் ஆயிருக்கு ஆத்தா. ஜாமீன் இன்னும் கட்டலையே! ரெண்டு ஜாமீன்தாரரைக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும்.”

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பெயரையும் ஊரையும் மாற்றினால் தமிழ்நாட்டில் எந்தக் கோர்ட்டு வாசலிலும் காணக்கூடிய காட்சிதான். உத்தரவு என்பது பாதி வழி. மீதி வழியில்தான் ஏழைகள் தடுக்கி விழுகிறார்கள். அந்த மீதி வழி என்ன?

முதல் 24 மணி நேரம்

போலீஸ் ஒருவரைக் கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தியாக வேண்டும். ஏன் கைது என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் சொந்தக்காரருக்கோ சிநேகிதருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. (விசாரணை முழுக்க வக்கீல் கூடவே உட்கார முடியாது.)

1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த உரிமைகள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ சட்டத்திலும் இருக்கின்றன. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் உரிமை கையை விட்டுப் போகவில்லை!

சேதி கேட்டதும் வீட்டார் போலீஸ் நிலையத்துக்கு ஓடுவார்கள். அழுது நிற்பதைவிட, கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: குற்ற எண் என்ன? என்ன பிரிவு? எந்தக் கோர்ட்டு? ரிமாண்டு ஆனால் எந்த ஜெயில்? இந்த நான்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டு வகை

வழக்குகளில் இரண்டு வகை. ஜாமீனில் விடக்கூடியவை, ஜாமீனில் விட முடியாதவை.

கையால் அடித்துச் சிறு காயம் உண்டாக்கியது போன்றவை முதல் வகை. இதில் ஜாமீன் என்பது சலுகை அல்ல, உரிமை. போலீஸ் நிலையத்திலேயே ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். ‘ஸ்டேஷன் ஜாமீன்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதற்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாவது வகைக்குப் பெயர்தான் பயமுறுத்துகிறது. ‘ஜாமீனில் விட முடியாதது’ என்றால் ஜாமீனே கிடைக்காது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தப்பு! கேட்டவுடன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட்டு பார்த்து முடிவு செய்யும் என்பதுதான் பொருள். முதலில் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு. அங்கே தள்ளுபடியானால் மாவட்ட செசன்சு கோர்ட்டு. அதற்கும் மேலே, புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஐகோர்ட்டு மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அந்தக் கிளை திறந்த பிறகு, இதற்காகச் சென்னைக்கு ரெயில் ஏறும் வேலை இந்த மாவட்டத்துக்கு இல்லை.

எந்த ஜெயில்?

‘ஜெயில்’ என்றதும் சொந்தக்காரர்கள் திருச்சிக்குப் பஸ் ஏறிவிடுவது உண்டு. அங்கே போனால், “அந்தப் பேர்ல இங்கே ஆள் இல்லையே” என்பார்கள். அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு!

புதுக்கோட்டையிலேயே மாவட்டச் சிறை இருக்கிறது. 18 முதல் 21 வயது வரையுள்ள இளைஞர்களுக்கான பார்ஸ்டல் பள்ளியும் இருக்கிறது. திருச்சியில் மத்திய சிறை ஒரு பக்கம். பெண்கள் தனிச்சிறை வேறு பக்கம். 18 வயது ஆகாதவர் என்றால் ஜெயிலே கிடையாது. அவரை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்புதான் நிறுத்த வேண்டும். யாரை எங்கே அனுப்பினார்கள் என்பது மாஜிஸ்திரேட்டின் ரிமாண்டு உத்தரவில் எழுதியிருக்கும். வக்கீலிடமோ போலீஸ் நிலையத்திலோ கேட்டுவிட்டுப் பஸ் ஏறுவது நல்லது.

மனு போட்டுப் பார்ப்பது

ஜெயிலில் இருப்பவரைப் பார்ப்பதற்கு ‘மனு போடுவது’ என்று பெயர். பார்க்க வருபவரின் பெயர், முகவரி, கைதிக்கு என்ன உறவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதார் போன்ற அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பார்க்கும் நாளும் நேரமும் ஜெயிலுக்கு ஜெயில் மாறும். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விசாரணைக் கைதி தன் சொந்தத் துணியை உடுத்தலாம். தண்டனைக் கைதிக்குத்தான் ஜெயில் உடை. செலவுக்குக் கொடுக்கும் பணத்தைக் கையில் தர முடியாது. ஜெயில் அலுவலகத்தில் அவர் பெயரில் கட்டினால், அந்தக் கணக்கில் இருந்து ஜெயில் கேன்டீனில் வாங்கிக்கொள்வார். காவலர் எவரிடமாவது ரகசியமாகக் கொடுத்து அனுப்புவது இரண்டு பேருக்கும் ஆபத்து.

2020-ல் கொரோனா வந்தபோது பார்வையாளர்களை நிறுத்தினார்கள். அப்போது வீடியோவில் முகம் பார்த்துப் பேச வழி செய்தார்கள். கைதிகள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த எண்ணுக்கு வீட்டுக்குப் போன் பேசும் வசதியும் உண்டு. கடிதமும் எழுதலாம், அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் வழக்கின் உள்விவகாரத்தைக் கடிதத்திலோ போனிலோ கொட்டாமல், வக்கீல் நேரில் பார்க்கும்போது சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

பணமா, பத்திரமா?

“பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு நபர் ஜாமீன்.” உத்தரவில் இப்படி ஒரு வரி இருக்கும். இதைக் கேட்டதும் தாலியைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடும் பெண்கள் உண்டு.

ஓட வேண்டாம்! ரொக்கமாகக் கட்டச் சொல்லி உத்தரவில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, யாரும் அந்தப் பணத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டியதில்லை. “இவர் வாய்தா தவறாமல் வருவார். வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு” என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கும் உறுதிதான் அது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது பெரிய வியாபாரம். ஜாமீன் தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் கம்பெனிகளே அங்கே உண்டு. அந்தக் கட்டணம் திரும்பி வராது. பணம் கட்டி வெளியே வரும் முறையையே இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் முழுவதும் ஒழித்துவிட்டது. இந்தியாவில் அப்படி லைசென்சு பெற்ற வியாபாரமே கிடையாது. காசு வாங்கிக்கொண்டு போலி வரி ரசீதோடு ஜாமீன் நிற்கும் ‘வாடகை ஜாமீன்தாரர்’ பிடிபட்டால், அவர் மீதே வழக்கு! கூட்டி வந்தவர் கதியும் கஷ்டம்தான்.

ஜாமீன்தாரர் கொண்டு வர வேண்டியவை கோர்ட்டுக்குக் கோர்ட்டு கொஞ்சம் மாறும். பொதுவாகப் போட்டோ, ஆதார் அட்டை அல்லது பாங்கி பாஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது அல்லது பட்டா. சில கோர்ட்டுகள் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்றும் கேட்கும். வேறு எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் தயக்கம்

மஞ்சள் பைத் தாயின் கதைக்கு வருவோம். அவர் கொழுந்தனாரிடம் கேட்கிறார். அவருக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லை இருக்கிறது.

“மதினி, பையன் நல்லவன்தான். ஆனா நாளைக்கு ஓடிப்போயிட்டா என் கொல்லைய எழுதிக்கிருவாகளே!”

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. முழு நியாயம் இல்லை. பையன் வாய்தாவுக்கு வராமல் போனால் கோர்ட்டு முதலில் ஜாமீன்தாரருக்கு நோட்டீசு அனுப்பி விளக்கம் கேட்கும். விளக்கம் திருப்தி இல்லை என்றால்தான் பத்திரத்தில் எழுதிய தொகையை வசூலிக்கும். கொல்லை முழுவதும் போய்விடாது. நடுவிலேயே நம்பிக்கை போய்விட்டால், “என்னை விடுவியுங்கள்” என்று ஜாமீன்தாரர் மனு கொடுக்கலாம். கோர்ட்டு பையனை வரவழைத்து, வேறு ஜாமீன்தாரர் கேட்கும். இவ்வளவையும் யாராவது அவரிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், பையன் முந்தா நாளே வீட்டில் சாப்பிட்டிருப்பான்!

ஒரு கொத்தனாரின் வழக்கு

மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். பெயர் மோதிராம். சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ஜாமீன் கொடுத்தது. கீழ்க்கோர்ட்டு மாஜிஸ்திரேட்டு 10 ஆயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் தம்பி முன்வந்தார். “சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது” என்று மறுத்துவிட்டார்கள்.

கொத்தனார் திரும்பவும் சுப்ரீம் கோர்ட்டு படி ஏறினார். 1978-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். கொத்து வேலை செய்பவனிடம் 10 ஆயிரத்துக்கு ஜாமீன் கேட்பது மனசாட்சியை உலுக்குகிறது என்றார். ஒரு தமிழன் வடக்கே ஏதோ ஊரில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு அவன் எங்கே போவான் என்றும் கேட்டார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் கொத்தனாரை விடச் சொன்னார்.

தொகை ஆளின் நிலைமைக்கு மீறி இருக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே உள்ளது. அதிகம் என்று பட்டால் செசன்சு கோர்ட்டிலோ ஐகோர்ட்டிலோ குறைக்கச் சொல்லி மனு போடலாம்.

ஆளே இல்லாவிட்டால்?

ஜாமீனில் விடக்கூடிய வழக்கில் கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லை என்றால், அவரை வசதியற்றவர் என்றே கொண்டு, சொந்த ஜாமீனில் விட வேண்டும்.

மற்ற வழக்குகளுக்கு, 2023 ஜனவரி 31-ல் சுப்ரீம் கோர்ட்டு நெறிமுறை வகுத்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ இ-மெயிலில் ஜெயில் சூப்பிரண்டுக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு சூப்பிரண்டு தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கட்டவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாக எடுத்துப் பார்க்கலாம்.

ஜெயிலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். 1987-ம் ஆண்டு சட்டம் தந்த உரிமை இது. கட்டணம் இல்லாத போன் எண்: 15100. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடங்கியபோது ரூ.40 ஆயிரம் வரை உதவி என்று அறிவித்தார்கள். எல்லா வகை வழக்குக்கும் இது பொருந்தாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

நாள் கணக்கும் முக்கியம். ரிமாண்டு ஆன நாளில் இருந்து 60 நாளுக்குள் புலன்விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறந்துவிடும். பெரிய குற்றங்களுக்கு 90 நாள். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த வாய்ப்புப் போச்சு!

கடைசிக் கதவு

ஒரு வழியாகச் சித்தப்பா வருகிறார். ரத்த சொந்தம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் இன்னொருவர். மாஜிஸ்திரேட்டு கூப்பிட்டு விசாரிக்கிறார். போட்டோ ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைக்கிறார்கள். ஜெயிலுக்கு விடுதலை உத்தரவு போகிறது.

அங்கேயும் ஒரு சோதனை உண்டு. வேறு வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அதிலும் ஜாமீன் வாங்கியாக வேண்டும். குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்திருந்தால் ஜாமீன் உத்தரவு இருந்தும் பலன் இல்லை. அதை எதிர்த்து ஐகோர்ட்டில் ஆள்கொணர்வு மனு போடும் வழி தனி. சாயங்காலம் லாக்கப் அடைத்த பிறகு உத்தரவு போய்ச் சேர்ந்தால், மறுநாள் காலைதான்.

வல்லத்திராக்கோட்டைப் பையனுக்கு வேறு வழக்கு இல்லை. இருட்டுவதற்குள் சின்னக் கதவு திறக்கிறது. அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறார். அவன் சித்தப்பாவைப் பார்த்துத் தலையைக் குனிகிறான்.

குமாஸ்தா எழுதிக் கொடுத்த சீட்டை சித்தப்பா அவன் கையில் வைக்கிறார். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குப் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வாய்தா தேதியும் அதில் இருக்கிறது.

“ஒரு நாள் தவறினாலும் உள்ளே போறது நீ மட்டும் இல்லடா. என் கொல்லையும் கோர்ட்டுப் படி ஏறும். ஞாபகம் வச்சுக்க.”

“தவற மாட்டேன் சித்தப்பா.”

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மூவரும் நடக்கிறார்கள்.