சைக்கிள் போகும், துப்பாக்கி போகாது

ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் போதும், ஸ்டுடிபேக்கர் காரில் வின்செஸ்டர் துப்பாக்கி, போர்வை, டீ பிளாஸ்க் சகிதம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளுக்குக் கிளம்பிவிடுவார். கார் நின்ற இடத்திலிருந்து நடைதான்.

அமெரிக்காவில் இந்த நடையை மிச்சப்படுத்தத்தான் வேட்டைக்காரர்கள் மவுன்டன் பைக்கை எடுத்தார்கள். கேட் போட்டு மூடிய காட்டுச் சாலைகளில் ஜீப் நுழைய முடியாது. பல இடங்களில் சைக்கிள் நுழையலாம். பெட்ரோல் வாசனை இல்லை, இன்ஜின் சத்தம் இல்லை. போகும்போது டென்ட்டும் துப்பாக்கியும். திரும்பும்போது மான் இறைச்சி. எல்க் என்ற பெரிய மான் 300 கிலோவையும் தாண்டும் என்பதால் துண்டு போட்டுப் பல நடையாகத்தான் கொண்டுவர முடியும்.

சுமை ஏற்றுவதில்தான் சூட்சுமம். முழுவதையும் பின்னால் கட்டினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். முதுகில் மாட்டினால் இறக்கத்தில் ஆளையே கவிழ்க்கும். கனமானதைத் தாழ்வாக, இரு சக்கரங்களுக்கும் நடுவில் கட்ட வேண்டும். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த விலையுயர்ந்த பைக்குகளில் சாதாரண கேரியரைப் பொருத்துவதே பெரும்பாடு. நிறைய சுமை என்றால் பின்னால் ஒற்றைச் சக்கர டிரெய்லர். ஒற்றையடிப் பாதையிலும் அது தடம் மாறாமல் தொடரும். இதிலெல்லாம் நிபுணர்கள் வியட்நாமியர்கள்தான். 1954 டியன் பியன் பூ போரில் ஹேண்டில்பாரில் மூங்கில் கழி கட்டி, ஒவ்வொரு சைக்கிளிலும் 200 கிலோவுக்கும் மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டே மலையேறினார்கள். நம்மூர் இளநீர் வியாபாரிக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெங்களூரிலும் மவுன்டன் பைக்குகளுக்குப் பஞ்சமில்லை. வேட்டைதான் இல்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தியது. 1991 திருத்தம் லைசென்ஸ் வேட்டைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. இன்று சைக்கிள் பைகளில் போவது கேமராவும் டென்ட்டும் ஸ்டவ்வும். சட்டம் அதையும் சும்மா விடுவதில்லை. சரணாலயத்தின் ஊடே போகும் பொதுச்சாலையில் கடந்து போகலாம். அனுமதியில்லாமல் மண்பாதையில் திரும்பினால் குற்றம். குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனம் அரசுடைமை. சைக்கிள் வாகனமா என்று வாதாடிப் பயனில்லை. நிலத்திலும் நீரிலும் வானிலும் போக உதவும் எதுவும் வாகனம் என்கிறது சட்டம். கழுதையும் ஒட்டகமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏன், யானையும் உண்டு!

பிரச்னையே அந்த யானைதான். ஆண்டர்சன் சுற்றிய காடுகளில் பெரும்பகுதியைச் சேர்த்து 2022-ல் தமிழக அரசு காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை (686 சதுர கி.மீ.) அறிவித்தது. கர்நாடகத்தின் காவேரி சரணாலயத்தோடு அது ஒட்டிக் கிடக்கிறது. யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. பன்னர்கட்டாவிலிருந்து தளி, ஒசூர் வரை கூட்டம் கூட்டமாக வந்து போகின்றன.

வேட்டைக்காரனுக்கு வரமாக இருந்த சைக்கிளின் மௌனம் இங்கே ஆபத்து. ஜீப் வருவது யானைக்கு முன்கூட்டியே தெரியும், விலகிப் போக அவகாசம் கிடைக்கும். சைக்கிள் தெரியாது. இறக்கத்தில் வேகமாக வந்து மூங்கில் புதர் வளைவில் திரும்பினால் இருவருமே திடுக்கிடுவார்கள். பைகள் தொங்கும் சைக்கிளைக் குறுகிய பாதையில் சட்டென்று திருப்பவும் முடியாது. யானைக்கு அந்தச் சிரமம் கிடையாது.

ராகி முற்றும் கார்த்திகை, மார்கழியில்தான் யானைகள் வயல்களைத் தேடி அதிகம் வருகின்றன. பெங்களூர்க்காரர்கள் சைக்கிளில் பை கட்டிக் கிளம்ப நினைப்பதும் அந்தக் குளிர் மாதங்களில்தான், அதுவும் விடிவதற்கு முன்னால்.