கொடைக்கானல் காற்று: செயற்கைக்கோளுக்குத் தெரிவதும் தெரியாததும்

கொடைக்கானலுக்குக் கிளம்பும் முன் போனில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த எண் கொடைக்கானல் காற்றை அங்கேயே அளந்து வந்ததா, கணிப்பா என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் கோபர்நிகஸ் சேவை, செயற்கைக்கோள் தரவைக் கணினி மாதிரியில் சேர்த்து ஐந்து நாள் முன்கணிப்பை இலவசமாகவே தருகிறது. நல்ல சேவை. ஆனால் அதன் உலகக் கணிப்பில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 40 கிலோமீட்டர். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானல் ஏரியும், அடிவாரத்து வெயிலில் காயும் வத்தலக்குண்டும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள் இதைவிட நுணுக்கமானதுதான். ஆனாலும் அது காட்டுவது தரையிலிருந்து வான் வரை உள்ள வாயுவின் மொத்தத்தை. நாம் மூச்சிழுக்கும் உயரத்தில் எவ்வளவு என்பதை நேரடியாகச் சொல்லாது. மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது.

செயற்கைக்கோள் நமக்கு உடனடியாகக் கைகொடுப்பது காட்டுத்தீயில். 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு நாள்கணக்கில் எரிந்தது. புல்லும் சருகும் காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். ராத்திரியில் புகை பள்ளத்தில் இறங்கித் தங்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த நேரத்தில் கதவடைத்து உள்ளே இருப்பதே நல்லது. வெளியே போக வேண்டியிருந்தால் துணி போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் ‘வன் அக்னி’ தளத்தில் பதிந்துகொண்டால், உங்கள் பகுதித் தீ எச்சரிக்கை போனுக்கே வரும். ஆனால் அதில் பயன்படும், செயற்கைக்கோளில் உள்ள வீர்ஸ் கருவி ஓரிடத்தைக் கடப்பது பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும்தான். மாலை நான்கு மணிக்குப் பற்றிய தீயைக் கண்ணால் பார்த்தவர் 101க்கும் வனத்துறைக்கும் சொல்வதே முதல் எச்சரிக்கை.

எந்தச் செயற்கைக்கோளும் காட்டாத நஞ்சும் இந்த மலையில் உண்டு. இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலைக் கழிவு, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடியாக, மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் 2001 மார்ச்சில் கிடந்தது. கண்டுபிடித்தவர்கள் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும். ஹைதராபாத்தின் அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் இங்குள்ள பாசியையும் மரப்பாசியையும் சோதித்து, பாதரசம் காற்றில் பரவியதை 2003இல் எழுதினார்கள். ஆலை 2001லேயே மூடப்பட்டது. பழைய தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. பதினைந்து ஆண்டு மிக நீண்ட காத்திருப்பு.

தூய காற்று வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. நுண்துகள் பிஎம்2.5 ஒரு நாள் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உங்கள் ஊரில் எங்கே, எப்போது அளந்தார்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாயில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். குப்பை எரிப்பு, ஆலைப் புகை என்றால் திண்டுக்கல்லில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தீரவில்லை என்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வக்கீல் இல்லாமலும் போகலாம். ஆனால் பிரச்சினை தொடங்கிய ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்க மட்டும் ஐந்து ஆண்டு அவகாசம். ஆகவே புகையைப் பார்த்த அன்றே படமெடுத்து, தேதியும் நேரமும் குறித்து, அன்றைய செயற்கைக்கோள் படத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.