குவளையில் கரையும் முதல்

குடும்பத்தின் வரவு செலவை எழுதி வைப்போர் அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றைத் தவறாது குறிக்கின்றனர். ஆயினும் நாள்தோறும் பருகும் பானங்களில் கரைந்துபோகும் சர்க்கரையைத் தனியே கணக்கிடுவோர் அரியர்.

தறியில் அமர்ந்து நெய்யும் அங்கத்தினர் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து முறை தேநீர் அருந்துவதாகக் கொள்வோம். வேளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம், கரண்டிக்கு 5 கிராம் எனின், நாளைக்கு 50 கிராம். மாதத்திற்கு ஒன்றரைக் கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2,000 கலோரி உணவு கொள்பவருக்கு இத்தகைய சர்க்கரையின் உச்ச வரம்பே ஏறக்குறைய 50 கிராம்தான்; 25 கிராமுக்குள் அடக்குவது மேலும் நன்று. கடையில் விற்கும் 300 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே பெரும்பாலும் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு.

பானத்தில் கரைந்த சர்க்கரை விரைவில் இரத்தத்தில் கலக்கிறது. பசியையோ அதிகம் தணிப்பதில்லை. ஆதலின் வழக்கமான உணவையும் குறையாமல் உண்கிறோம். மிகுதி கொழுப்பாகத் தங்குகிறது. நாளடைவில் நீரிழிவு நோய்க்கு அது வழி கோலுகிறது. அந்நோய் முற்றினால் கண்பார்வை மங்கும். பாதம் உணர்ச்சி குன்றும். அறுந்த இழையைக் கண்டு முடியும் கண்ணும், மிதியை உணரும் காலுமே நெசவாளரின் முதல் அன்றோ? வயலில் முள் தைத்ததை உணராத பாதம் விவசாயிக்கும் பேராபத்தே.

வெல்லமும் கருப்பட்டியும் தீங்கற்றவை என்று எண்ணுவோர் உளர். அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே.

செய்ய வேண்டுவது யாது? ஒரே நாளில் அனைத்தையும் நிறுத்த முயல வேண்டாம். வாரத்திற்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாவும் அதற்குப் பழகிவிடும். ஐந்து தேநீரில் இரண்டை விடுத்து, மோர், நீராகாரம், இனிப்பிடாத சுக்கு மல்லி நீர் ஆகியவற்றைக் கொள்ளலாம். தாகத்திற்குத் தண்ணீரே தலையாய பானம். குழந்தைகளுக்குக் குளிர்பானத்தைப் பழக்கப்படுத்தாதிருப்பது பெற்றோர் கடமை. ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கலந்தே மாறுதல் செய்தல் வேண்டும்.

இம்மாதம் வீட்டுக் கணக்கில் சர்க்கரைக்கு ஒரு தனிப் பத்தி திறவுங்கள். அங்கே குறையும் ஒவ்வொரு கரண்டியும் உடல்நலத்தில் சேரும் வரவேயாகும்.