படகுக்கு பிரேக் போடும் பை... வேகத்தைக் குறைத்தால்தான் மீன்!

நல்ல இன்ஜின், நல்ல படகு இருந்தால் மீன் பிடிப்பது சுலபம் என்றுதானே நினைப்போம்? அமெரிக்கா, கனடா எல்லையில் இருக்கும் ஈரி ஏரியில் கதையே வேற. அங்கே பலருக்கு இருக்கும் தலைவலி, படகு மெதுவாகப் போக மாட்டேன் என்கிறது என்பதுதான். அதற்காக ஆயிரக்கணக்கான டாலர் இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்திலேயே ஒரு துணிப் பையைத் தண்ணீரில் தொங்கவிட்டு இழுக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் 'ட்ராலர்' என்றால் மடியை இழுத்துப் போகும் விசைப்படகு. இங்கே பேசப்போவது 'ட்ரோலிங்'. இதில் வலையே கிடையாது. தூண்டில் கயிறுகளைப் பின்னால் விட்டுவிட்டு, படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே போவார்கள். இரை தண்ணீருக்குள் நீந்துவதுபோல வரும். மீன் ஏமாந்து கவ்வும். அவ்வளவுதான்.

ஈரி ஏரியில் இப்படித் தேடப்படும் மீன் வால்ஐ. கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கலான வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும். கோடையில் இதற்கு மிகவும் பிடித்தமான விருந்து, சுழலும் சின்னத் தகட்டோடு கோத்த மண்புழு. அந்தத் தகடு சரியாகச் சுழல வேண்டும், புழுவும் இயல்பாக வர வேண்டும் என்றால் படகு மணிக்குச் சுமார் 1.5 முதல் 2.5 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். நாம் சாதாரணமாக நடப்பதே மணிக்கு 5 கிலோமீட்டர். அதிகபட்சம் அதில் பாதிதான்!

பெரிய இன்ஜின் பொருத்திய படகு, கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே விட்டாலும் இதைவிட வேகமாக ஓடும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் கேட்கவே வேண்டாம். மெதுவாக ஓட்டவென்றே தனியாக ஒரு சின்ன இன்ஜின் வாங்கி மாட்டலாம். ஆனால் அது செலவு. அதனால்தான் பை. அந்தக் காலத்து ஆட்கள் பக்கெட்டில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். இப்போதும் இழுப்பவர்கள் உண்டு. தத்துவம் ஒன்றேதான்.

பையின் வடிவம் ஒரு புனல் மாதிரி. முன்னால் அகலமான வாய், பின்னால் சின்ன ஓட்டை. நைலான் அல்லது கெட்டியான வினைல் துணியில் தைத்திருப்பார்கள். வாய்க்குள் புகும் தண்ணீர் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் திணறித்தான் வெளியேற வேண்டும். அந்தத் திணறல்தான் பிரேக்.

இனிமேல்தான் விஷயமே சுவாரஸ்யமாகிறது. தண்ணீரின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது, வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. 30 அங்குல வாய் கொண்ட பையை மணிக்கு 3.6 கிலோமீட்டரில் இழுத்தால், தோராயக் கணக்குப்படி 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இழுவை வரும். வேகம் பாதியானால் அது வெறும் 6, 7 கிலோதான். 'பை போட்டேன், கொஞ்சம் குறைஞ்சது, அப்புறம் குறையவே மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. படகு மெதுவாக ஆக ஆக, பையின் பிடியும் தளர்ந்துவிடும். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் பெரிய பைதான் வழி. வாயின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு. இழுவையும் அப்படியே.

இதே வர்க்கக் கணக்கு இன்னொரு நன்மையும் செய்கிறது. ஈரி ஏரி ஆழம் குறைவு. சராசரியாக 19 மீட்டர்தான், ஐந்து பேரேரிகளிலேயே குறைந்த ஆழம் இதற்குத்தான். காற்று அடித்தால் சட்டென்று குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பிவிடும். படகு அலையில் சறுக்கி இறங்கும்போது வேகம் கூடும், பையும் உடனே பலமாகப் பிடித்து இழுக்கும். அலை ஏறும்போது பிடியை விட்டுவிடும். இதனால் படகின் துள்ளல் அடங்கி இரை ஒரே சீராக வரும். என்னைக் கேட்டால், வேகத்தைக் குறைப்பதைவிட பையின் பெரிய உபகாரம் இதுதான்.

எங்கே கட்டுவது? பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைகள், படகின் முன்பக்கமோ நடுப்பகுதியோ இருக்கும் கயிறு கட்டும் பிடிமானத்தில். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் படகு அந்தப் பக்கமே திரும்பும். பக்கவாட்டுக் காற்று மூக்கைத் தள்ளும்போது, காற்று வரும் பக்கம் பெரிய பையைப் போட்டு இதையே சாதகமாக்கிக் கொள்ளலாம். கயிறு நீளத்தில் மட்டும் சமரசமே கூடாது. பை முழுதாகப் பின்னால் நீண்டு கிடந்தாலும் புரொப்பெல்லரை எட்டக் கூடாது. எட்டினால் பையும் போச்சு, இன்ஜினும் நின்றுவிடும். கரையைவிட்டுப் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

'பின்னாடி கட்டினா ஈஸி ஆச்சே' என்று தோன்றலாம். வேண்டாம். படகின் பின்பக்கம்தான் தாழ்வாக இருக்கும், இன்ஜின் எடையும் அங்கேதான். அதை ஒரு கயிறு பிடித்து வைத்திருந்தால், பின்னால் வரும் அலைக்கு எழும்ப முடியாமல் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். 2009 பிப்ரவரி 28 அன்று ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரிலிருந்து மீன்பிடிக்கப் போன 4 நண்பர்களின் 21 அடிப் படகு மெக்ஸிகோ வளைகுடாவில் கவிழ்ந்தது. இரண்டு அமெரிக்கக் கால்பந்து (என்.எஃப்.எல்) வீரர்கள் உட்பட 3 பேர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் 40 மணி நேரத்துக்கும் மேல் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு பிழைத்தார். அங்கே இருந்தது பை இல்லை, சிக்கிக்கொண்ட நங்கூரம். அந்தக் கயிற்றைப் பின்பக்கம் கட்டி இன்ஜினை முடுக்கியதுதான் வினையானது என்றது மாநில விசாரணை. பையின் பிடி நங்கூரம் அளவுக்கு முரட்டுத்தனமானது அல்ல. ஆனால், பின்பக்கத்தைக் கீழே இழுக்கும் வேலையை இரண்டுமே செய்யும்.

வெளியே எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் நிறைந்த பையை வாய்ப்பக்கக் கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் முதுகு போய்விடும். முதலில் இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பையின் குறுகிய முனையில் இன்னொரு மெல்லிய கயிறு கட்டியிருப்பார்கள். அதை இழுத்தால் பை தலைகீழாகி, தண்ணீர் கொட்டி, ஈரத்துணி மாதிரி கைக்கு வந்துவிடும்.

மழை மேகத்தைப் பார்த்த அவசரத்தில் பையை மறந்துவிட்டு இன்ஜினை முடுக்குபவர்களும் இருக்கிறார்கள். மணிக்கு 7 கிலோமீட்டரைத் தொடும்போதே ஒவ்வொரு பையும் 100 கிலோவுக்கு இழுக்கும். கயிறு அறுந்தால் அதிர்ஷ்டம், பிடிமானமே பெயர்ந்து வந்தால் செலவு. அதனால் விவரமானவர்கள் இன்ஜின் சாவியிலேயே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைக்கலாம், பை தண்ணீரில் இருக்கும்வரை அது ஸ்டீயரிங்கில் தொங்கட்டும்.